பத்துச் சக்கர லாரிக்குக் கையடக்கக் காற்றுப் பம்பு உதவுமா? வண்டியில் என்னென்ன சாமான் வைக்க வேண்டும்?

திருச்செங்கோடு லாரி வீடு எழுதியது:

வணக்கம். திருச்செங்கோடு பக்கம் எங்கள் ஊர். இரண்டு லாரிகள் வைத்திருக்கிறோம். ஒன்று பத்துச் சக்கரம், மற்றது பன்னிரண்டு. முன்பு என் வீட்டுக்காரரே ஓட்டினார். நான்கு வருடங்களுக்கு முன் முதுகில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவரால் நெடுநேரம் உட்கார முடிவதில்லை. லோடு பேசுவது, டீசல் கணக்கு, எஃப்.சி., இன்ஷூரன்ஸ், டயர் எல்லாவற்றையும் இப்போது நான்தான் பார்க்கிறேன்.

கடந்த மே மாதம் பத்துச் சக்கர வண்டி 18 டன் ஜவ்வரிசியோடு நாகபுரிக்குப் போனது. ஆதிலாபாத்தைத் தாண்டி ஹிங்கன்காட் போகிற வழியில், இரவு ஒன்றரை மணிக்கு டிரைவர் தம்பி போன் செய்தார். பின்னால் இடது பக்கத்து இரட்டை டயரில், உள்பக்கம் இருக்கிற டயரில் காற்றே இல்லை என்றார். "பயப்படாதே, பம்பு இருக்கிறதே" என்று தைரியம் சொன்னேன். அந்தப் பம்பை இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இணையத்தில் 3,400 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். பெட்டியின் மேல் 150 பி.எஸ்.ஐ. என்று காற்றழுத்த அளவைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் டயருக்கு 120 வேண்டும், 150 தருகிற பம்பு தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டேன். கேபினில் இருக்கிற லைட்டர் சாக்கெட்டில் சொருகியதும் பம்பு கத்திக்கொண்டு ஓடியது. இரண்டு நிமிடத்தில் புகை வந்து நின்றுவிட்டது.

ஸ்டெப்னியை மாட்டலாம் என்று ஜாக்கி வைத்தார். சாலையோர மண்ணில் ஜாக்கி அழுந்திச் சாய்ந்து, வண்டி சட்டென்று ஒரு சாண் இறங்கியது. அந்தத் தம்பி அப்போதுதான் கையை வெளியே எடுத்திருந்தார். ஒரு நொடி முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து எனக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை. அவருக்கு இரண்டு வயதில் பெண் குழந்தை இருக்கிறது. எப்படியோ வேறொரு லாரிக்காரர் நிறுத்தி உதவி செய்து ஸ்டெப்னியை மாட்டினார்கள். ஜாக்கியை இறக்கியதும் ஸ்டெப்னி சப்பையாகிவிட்டது. அதிலும் காற்று இல்லை. விடிந்த பிறகு பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருந்த பஞ்சர் கடையிலிருந்து ஆள் வந்துதான் வண்டி நகர்ந்தது. ஒரு நாள் தாமதம் என்று வாடகையில் 2,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நான் வாங்கிக் கொடுத்த சாமானை நம்பி ஒருவர் நள்ளிரவில் லாரிக்குக் கீழே கை விடுகிறார். அது சரியான சாமானாக இருக்க வேண்டும்.

லாரிக்கு ஏற்ற பம்பு எது? ஜாக்கி எத்தனை டன்? நூறு, நூற்றைம்பது சாமான்கள் அடங்கிய டூல் பெட்டி விளம்பரத்தில் வருகிறதே, அது தேவைப்படுமா? இரண்டு வண்டிக்கும் சேர்த்து 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். இதைத் தவிர, எங்கள் ஷெட்டில் ஒரு கம்ப்ரஸர் வைக்கலாம் என்று பக்கத்து உரிமையாளர்கள் இருவர் பங்குக்கு வருகிறார்கள். அதற்கும் வழி சொல்லுங்கள்.


கரூர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் எழுதியது:

அக்கா, பம்பு புகைந்த காரணத்தை மட்டும் நான் சொல்கிறேன். டயர் விஷயத்தைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கார், சின்ன வண்டி எல்லாம் 12 வோல்ட். உங்கள் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கியது அநேகமாக 12 வோல்ட் பம்பு. 24 வோல்ட் சாக்கெட்டில் சொருகினால் மோட்டார் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடி, சுருள் கருகிவிடும். கத்தியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்தச் சத்தம்தான். பம்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள்.

சில புதிய லாரிகளில் கேபினுக்குள் 12 வோல்ட் சாக்கெட் தனியாகக் கொடுக்கிறார்கள். ஆனால் அது செல்போன் சார்ஜ் செய்யும் அளவுக்குத்தான். பம்பு இழுக்கும் கரண்டுக்கு ஃபியூஸ் போய்விடும். இன்னொன்று: சிலர் இரண்டு பேட்டரியில் ஒன்றில் மட்டும் கிளிப் போட்டு 12 வோல்ட் எடுப்பார்கள். அவசரத்துக்கு ஒரு முறை செய்தால் பரவாயில்லை. வழக்கமாகச் செய்தால் ஒரு பேட்டரி இறங்கியும் மற்றது நிறைந்தும் இருக்கும், ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்து சார்ஜ் செய்யும். ஒன்று காய்ந்துபோகும், மற்றது எப்போதும் பாதியிலேயே கிடக்கும். இப்படி வீணான ஜோடி பேட்டரிகள் மாதத்துக்குக் குறைந்தது இரண்டு என் கடைக்கு வருகின்றன. டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.


சங்ககிரி டயர் பட்டறை எழுதியது:

அம்மிணி, முப்பத்தொரு வருடமாக லாரி டயரோடுதான் என் பிழைப்பு. நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. அந்தப் பையன் கை தப்பியதற்குக் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடையுங்கள்.

எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னது சரி. ஆனால் 24 வோல்ட் பம்பே வாங்கியிருந்தாலும் அன்றைக்கு அது உங்களுக்கு உதவியிருக்காது. பெட்டியில் போட்டிருக்கிற 150 என்பது அந்தப் பம்பு எவ்வளவு அழுத்தம் வரை தள்ளும் என்பது. எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பது வேறு. அதைச் சின்ன எழுத்தில், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பார்கள். நீங்கள் வாங்கிய மாதிரிப் பம்புகளில் அது 30, 35 லிட்டர்தான் இருக்கும். 10.00 ஆர் 20 டயருக்குள் நூறு லிட்டருக்கு மேல் இடம் இருக்கிறது. அதை 120 பி.எஸ்.ஐ. வரை நிரப்ப வேண்டுமானால், வெளிக்காற்றில் குறைந்தது 800 லிட்டரை உள்ளே அழுத்த வேண்டும். 35 லிட்டர் பம்பு காகிதக் கணக்கில் 23 நிமிடம் எடுக்கும். உண்மையில் அந்த 35 லிட்டர் வெறுமனே ஓடும்போது அளந்தது. எதிரில் அழுத்தம் ஏற ஏற அது பத்துக்கும் கீழே போகும். கால் மணி நேரம் ஓடினால் சூடாகிவிடும், ஆறவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு டயருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காரில் டயருக்குள் இருக்கும் இடமும் சிறிது, வேண்டிய அழுத்தமும் 32, 35 தான். அதனால் அங்கே அது நன்றாக வேலை செய்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். காற்று இல்லாமல் ஓடிய லாரி டயருக்கு, அதை வண்டியில் வைத்தே காற்று அடிக்கக் கூடாது. அடிக்கவே கூடாது. லோடோடு காற்றில்லாமல் ஓடும்போது பக்கச் சுவரில் இருக்கிற இரும்புக் கம்பிகள் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளேயே நைந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அதில் மறுபடி காற்று ஏற்றும்போது பக்கச் சுவர் ஜிப் திறந்தாற்போலக் கிழிந்து வெடிக்கும். உங்கள் வண்டி டியூப் டயர் என்றால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. டயர் உட்காரும் இரும்புச் சக்கரமான டிஸ்க்கில், டயரைப் பிடித்து நிறுத்துகிற லாக் ரிங் என்ற இரும்பு வளையம் இருக்கும். ரிங் சரியாக உட்காராமல் காற்று ஏறினால் அது பறந்து வரும். நான் வேலை கற்றுக்கொண்ட கடையில் என்னோடு இருந்த ஒருவர் அப்படித்தான் போனார். அன்று முதல் இரும்புக் கூண்டுக்குள் வைக்காமல் நான் ஒரு டயருக்கும் காற்று அடித்ததில்லை.

உலகம் முழுவதும் டயர்க்காரர்கள் வைத்திருக்கிற கணக்கு இது: வேண்டிய காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே இறங்கி ஓடிய டயரைக் கழற்றி, உள்ளே பார்த்த பிறகுதான் மறுபடி காற்று ஏற்ற வேண்டும். உங்கள் 120க்கு அது 96. நான் டிரைவர்களுக்கு நூறு என்று சொல்லிக் கொடுப்பேன், நினைவில் நிற்கும். நூறுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஸ்டெப்னி மாட்டு. நூறுக்கு மேலே இருந்தால் காற்று சேர்த்துக்கொண்டு போ.

ஆகவே நடுச்சாலையில் உங்களுக்கு வேண்டியது சக்கரத்தைப் பத்திரமாகக் கழற்றி மாட்டும் சாமான்களும் காற்று நிறைந்த ஒரு ஸ்டெப்னியும். பம்பு அதற்குப் பிறகுதான். அன்றைக்கு உங்கள் வண்டியை ஒரு நாள் நிறுத்திப் போட்டது ஸ்டெப்னி. அதை யார் கடைசியாக அளந்து பார்த்தார்கள்?

நம் ஆட்கள் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிச் சத்தம் கேட்டுச் சரி என்பார்கள். தட்டினால் காற்றே இல்லாத டயர் தெரியும். 120க்கும் 85க்கும் வித்தியாசம் எனக்கே காதில் பிடிபடாது. முதலில் ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள். லாரிக்கென்று வருவது, நீளத் தண்டும் முன்னும் பின்னும் பார்க்கிற இரட்டைத் தலையும் உள்ளது. அது இருந்தால்தான் உள் டயரின் வால்வை எட்ட முடியும். காருக்கு விற்கும் குட்டைக் கேஜ் அங்கே நுழையாது. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். நாகபுரி வெயிலில் ஓடி நின்றதும் அளந்தால் 135, 140 காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடுவார்கள். அது பெரிய தவறு. மறுநாள் காலையில் டயர் குறைக் காற்றோடு கிளம்பும்.


ஒட்டன்சத்திரம் காய்கறி வண்டி எழுதியது:

அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டுச் சின்ன வண்டிக்காரர்கள் பம்பே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. நான் இரண்டு டன்னுக்குள் ஏற்றுகிற மினி லாரியில் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஓட்டுகிறேன். என் வண்டி 12 வோல்ட், பின் டயருக்கு 60க்குள்தான் காற்று. மூன்று வருடமாக ஒரே பம்பு. லைட்டர் சாக்கெட்டில் சொருகுவதை வாங்காமல், பேட்டரியில் நேராகக் கிளிப் போடுகிற இரட்டை சிலிண்டர் பம்பாக வாங்கினேன். இன்ஜினை ஓடவிட்டுத்தான் அடிப்பேன். ஆணி ஏறி மெதுவாக இறங்குகிற டயருக்குக் காற்று சேர்த்துக்கொண்டு அடுத்த ஊர் வரை போக அது பல முறை உதவியிருக்கிறது. தக்காளி ஏற்றிக்கொண்டு வெயிலில் நிற்பவனுக்கு அரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.


திருச்செங்கோடு லாரி வீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னபடி எடுத்துப் பார்த்தேன். அடியில் 12 வோல்ட் என்றுதான் இருக்கிறது. வாங்கும்போது நான் திருப்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஸ்டெப்னியைக் கடைசியாக அளந்த நாள் எந்தக் கணக்கு நோட்டிலும் இல்லை. டீசலை லிட்டர் லிட்டராக எழுதுகிறேன், இருபதாயிரம் ரூபாயைத் தாண்டிய டயரின் காற்றை ஒரு நாளும் எழுதவில்லை. இனி எழுதுவேன்.

மூன்று சந்தேகங்கள். நூறுக்கு மேலே இருந்தால் காற்று சேர்த்துக்கொண்டு போகலாம் என்றீர்கள். பம்பு இல்லாமல் எதிலிருந்து சேர்ப்பது? பல் சக்கரம் வைத்த நட்டுக் கழற்றி, ஒரு கையால் சுற்றினாலே லாரி நட்டு கழன்றுவிடும் என்று காட்டுகிறார்களே, வாங்கலாமா? ஜாக்கி சாய்ந்ததற்கு ஜாக்கி சின்னதாக இருந்தது காரணமா?


நாமக்கல் டெல்லி லைன் எழுதியது:

அக்கா, நான் சொந்த வண்டி வைத்து நானே ஓட்டுகிறேன். இப்போது குவாலியரில் லோடு இறங்கக் காத்திருக்கிறேன், பொறுமையாக எழுத நேரம் இருக்கிறது.

பம்பு உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. பிரேக்குக்குக் காற்று தருகிற கம்ப்ரஸர் இன்ஜினோடு ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கையடக்கப் பம்பைப் போலப் பல மடங்கு காற்றை அது தரும். டேங்க் நிறைந்ததும் காற்றை வெளியே விடுகிற அன்லோடர் வால்வு அல்லது காற்றின் ஈரத்தை எடுக்கிற ஏர் டிரையர் பக்கத்தில் டயருக்குக் காற்று எடுக்க ஒரு வாய் வைத்திருப்பார்கள், அதன் மேல் மூடி இருக்கும். வண்டிக்கு வண்டி இடம் மாறும், வண்டியோடு தருகிற புத்தகத்தில் படம் இருக்கும். அந்த வாய்க்குப் பொருந்துகிற முனையும் மறுபக்கம் வால்வைக் கவ்விக்கொள்கிற கிளிப்பும் வைத்த ஹோஸ் வாங்குங்கள். பத்துச் சக்கரத்துக்குப் பத்து மீட்டர் வேண்டும், பன்னிரண்டுக்கு இன்னும் இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள். கிளிப் முக்கியம். கையால் பிடித்துக்கொண்டு டயருக்கு நேர் எதிரே குந்தியிருக்கக் கூடாது. மாட்டிவிட்டு, டயர் தரையைத் தொடுகிற முகத்தின் பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும். பக்கச் சுவருக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது.

இதில் ஒரு நுணுக்கம். பிரேக்குக்குக் காற்று சேர்த்து வைக்கிற டேங்க் நிறைந்திருந்தால் கம்ப்ரஸர் காற்றை வெளியே தள்ளிவிட்டுச் சும்மா ஓடும். அப்போது ஹோஸ் மாட்டினால் காற்று வராது. பல டிரைவர்கள் இதைப் பார்த்துவிட்டு ஹோஸ் சரியில்லை என்று தூக்கி எறிந்திருக்கிறார்கள். முதலில் பிரேக் பெடலை நான்கைந்து முறை அழுத்தி, டேங்கின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கம்ப்ரஸர் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதும் காற்று பாயும். என் வண்டியில் 100இல் இருக்கிற டயரை 110க்குக் கொண்டுவர ஐந்தாறு நிமிடம் ஆகிறது. அதற்கு மேல் ஏறாது, ஏனென்றால் பிரேக் டேங்கின் அழுத்தமே எட்டு பார், அதாவது 116 பி.எஸ்.ஐ. மிச்சத்தை அடுத்த பங்க்கிலோ டயர் கடையிலோ ஏற்றிக்கொள்ளலாம். முடித்த பிறகு டாஷ்போர்டில் ஏர் முழுதாக ஏறி, எச்சரிக்கை பஸ்ஸர் நின்ற பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

நட்டுக் கழற்றி: கழற்றுவதற்கு அருமையான சாமான். டெல்லிக் குளிரில் இறுகிப்போன பத்து நட்டுகளை நான் தனியாளாகக் கழற்றியிருக்கிறேன். ஆனால் இறுக்குவதற்கு வேண்டாம். உள்ளே பல் சக்கரம் கை விசையை ஐம்பது அறுபது மடங்கு பெருக்குவதால் எவ்வளவு இறுகியது என்று கைக்குத் தெரியாது. நட்டு ஏறுகிற ஸ்டட் நீண்டுவிடும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி முறியும். இறுக்கும்போது வீல் ஸ்பேனரும் நீளக் கம்பியும்தான். எதிரெதிராக இறுக்கி, ஐம்பது நூறு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி ஒரு சுற்று இறுக்க வேண்டும். சாக்கெட் 32, 33 என்று இரண்டு அளவில் வரும். உங்கள் நட்டை அளந்துவிட்டு வாங்குங்கள், ஒரு எம்.எம். தளர்வாக இருந்தாலே முனை தேய்ந்துவிடும். உங்களுடையது பழைய வண்டி என்றால் இடது பக்கச் சக்கரங்களில் இடமரை, அதாவது எதிர்ப்பக்கம் சுற்றினால் கழலுகிற மரை இருக்கலாம். ஸ்டட் முனையில் எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாமல் வழக்கமான பக்கம் சுற்றினால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பார்.

ஜாக்கி விஷயம். ஒரு பின் அச்சுக்குச் சட்டப்படி 11.5 டன்னுக்கு மேல் போகாது. ஒரு பக்கம் தூக்குகிறோம். 20 டன் ஹைட்ராலிக் ஜாக்கி தாராளம், உங்களிடம் இருந்ததும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். ஜாக்கி சின்னதாக இருந்ததால் அது சாயவில்லை. அடியில் பலகை இல்லாததால் சாய்ந்தது. ஜாக்கியின் அடி உள்ளங்கை அகலம்தான், அத்தனை பாரமும் அந்த இடத்தில் மண்ணில் இறங்குகிறது. ஒன்றேகால் அடிச் சதுரத்தில், இரண்டரை அங்குலக் கனத்தில் வேங்கை அல்லது கருவேலப் பலகை ஒன்று அறுத்து வாங்குங்கள். நம் ஊர் மரக்கடையில் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நீங்கள் வாங்கப் போகிற எல்லாச் சாமான்களிலும் ஒரு உயிரைக் காக்கப் போவது அந்தப் பலகைதான். கூடவே மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்க இரண்டு முட்டுக்கட்டைகள், தூக்கிய பிறகு அச்சுக்கு அடியில் நிறுத்த ஒரு கனமான மரக்கட்டை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்கி நிற்க வேண்டியது கட்டை. ஆயில் சீல் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜாக்கியை வாங்கும்போது முழுவதும் இறங்கிய உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள், டயர் சப்பையான பிறகு அச்சு தாழ்ந்து கிடக்கும், உயர ஜாக்கி அடியில் போகாது.

அந்த நூற்றைம்பது சாமான் பெட்டி வேண்டாம் அக்கா. அதில் பாதி, காருக்கும் பைக்குக்கும் ஆன சின்ன சாக்கெட்டுகள். ரிங் ஸ்பேனர், டபுள் எண்டு ஸ்பேனர் ஒரு செட், நல்ல கட்டிங் பிளேயர், சுத்தியல், ஸ்குரூ டிரைவர் இரண்டு, வால்வு பின் கழற்றி, நான்கைந்து வால்வு பின்கள், உலோக வால்வு மூடிகள். தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று, பிரதிபலிக்கும் முக்கோணம் இரண்டு. நள்ளிரவில் செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு நட்டுக் கழற்றுவது என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த டார்ச்சை மறக்காதீர்கள்.


சங்ககிரி டயர் பட்டறை எழுதியது:

டெல்லி லைன் தம்பி எழுதியதில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. ஒன்றைச் சேர்க்கிறேன். வண்டி டேங்கிலிருந்து காற்று எடுப்பதானால், டேங்கின் அடியில் இருக்கிற வால்வை இழுத்துத் தண்ணீரை அடிக்கடி வெளியேற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த ஈரம் டயருக்குள் போய் டிஸ்க்கும் ரிங்கும் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ரிங்தான் உட்காராமல் பறக்கிறது.

ஷெட் கம்ப்ரஸர் கேட்டீர்கள். கடைக்காரர் முதலில் குதிரைத் திறனைச் சொல்வார், பிறகு டேங்க் அளவைச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது, ஒற்றை ஸ்டேஜா, இரட்டை ஸ்டேஜா என்பது, அதாவது காற்றை ஒரே தடவையில் அழுத்துகிறதா, இரண்டு தடவையாக அழுத்துகிறதா என்பது. ஒற்றை ஸ்டேஜ் பொதுவாக எட்டு கிலோவோடு நின்றுவிடும். ஒரு கிலோ என்பது 14.2 பி.எஸ்.ஐ., ஆக எட்டு கிலோ 114 தான். 114 இருக்கிற டேங்கிலிருந்து 120 இருக்க வேண்டிய டயருக்குக் காற்று எப்படிப் போகும்? பெயின்ட் அடிக்க அது போதும், லாரி டயருக்குப் போதாது. இரட்டை ஸ்டேஜ் 12 கிலோ, 170 வரை ஏற்றும். மூன்று குதிரைத் திறன், இரட்டை ஸ்டேஜ், 160இலிருந்து 220 லிட்டர் டேங்க் இருந்தால் மூன்று உரிமையாளர்களின் டயருக்குக் குறைவில்லை. ஒரு அங்குல ஏர் கன் வைத்து நட்டுக் கழற்றுகிற எண்ணம் இருந்தால் ஐந்து குதிரைத் திறனுக்குப் போங்கள், அந்தக் கன் காற்றைக் குடிக்கும்.

பட்டியலில் இரண்டு எண்கள் இருக்கும். பிஸ்டன் தள்ளுகிற அளவு ஒன்று, உண்மையில் வெளியே வருகிற காற்று மற்றொன்று. இரண்டாவது எப்போதும் குறைவாக இருக்கும். கடைக்காரர் முதலாவதைத்தான் சொல்வார். வெளியே வருவது எவ்வளவு என்று விடாமல் கேளுங்கள். அதை சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று சொல்வார்கள். பத்து சி.எஃப்.எம். என்றால் நிமிடத்துக்கு 283 லிட்டர். நான் முன்பு சொன்ன 800 லிட்டர் கணக்கை இதோடு ஒப்பிட்டால் உங்களுக்கே புரிந்துவிடும்.

கோவையில் கம்ப்ரஸர் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள், உதிரிச் சாமானும் உடனே கிடைக்கும். பங்கில் சேர்கிறவர்கள் பழையது வாங்கலாம் என்பார்கள். பழையதானால் பம்பு தேய்ந்திருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம், டேங்கைத்தான் பார்க்க வேண்டும். டேங்கின் அடிப்பகுதியில் வெல்டிங் ஒட்டு இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் தொடாதீர்கள். உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தை மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெல்ட்டின் மேல் கூண்டு இருக்க வேண்டும், சேஃப்டி வால்வை மாதம் ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். டயருக்கான இரும்புக் கூண்டையும் கம்ப்ரஸர் விலையோடு சேர்த்தே கணக்கில் எழுதுங்கள். கூண்டு வாங்கப் பணம் இல்லை என்று பங்காளிகள் சொன்னால், ஷெட்டில் ஏற்கெனவே மாட்டி ஓடுகிற டயருக்குக் காற்று சேர்ப்பதை மட்டும் செய்யுங்கள். கழற்றிப் பூட்டுகிற வேலையை என்னைப் போன்ற கடைக்கு அனுப்பிவிடுங்கள்.


திருச்செங்கோடு லாரி வீடு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இரண்டு வண்டிகளும் ஊருக்கு வந்த பிறகுதான் எல்லாவற்றையும் செய்ய முடிந்தது.

முதலில் கேஜ் வாங்கினேன், இரட்டைத் தலை உள்ளது, 1,150 ரூபாய். வண்டி இரவு முழுதும் நின்ற பிறகு, காலை ஆறு மணிக்கு நானும் டிரைவர் தம்பியும் பத்துச் சக்கர வண்டியை அளந்தோம். வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டில் எழுதினார். முன் டயர்கள் இரண்டும் 118. பின்னால் வெளி டயர்கள் 112இலிருந்து 121 வரை. உள் டயர்கள் நான்கில் ஒன்று 104, ஒன்று 98, ஒன்று 117. வலது பக்கம் பின்னால் உள் டயர் 71. அந்த டயர் எங்கள் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. தம்பி கம்பியால் தட்டிப் பார்த்தார், சத்தமும் நன்றாகத்தான் இருந்தது. 71ஐயும் 98ஐயும் கழற்றி, பக்கத்துப் பட்டறையில் திறந்து பார்த்தோம். 98இல் வால்வு பின் மட்டும்தான் பழுது. 71இன் உள்ளே பக்கச் சுவர் முழுவதும் ரப்பர் பொடியாக உதிர்ந்து கிடந்தது. பட்டறைக்காரர் விரலால் அழுத்திக் காட்டினார், அந்த இடம் துணி மாதிரி மடங்கியது. அதை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் வந்தேன், யாரும் எடுத்துக்கொண்டு போய் மறுபடி ஓட்டிவிடக் கூடாது என்று.

மற்றபடி இரண்டு ஹோஸ், இரண்டு பலகை, நான்கு முட்டுக்கட்டை, அச்சுக்கு இரண்டு மரக்கட்டை, வண்டிக்கு ஒரு நட்டுக் கழற்றி, தலை டார்ச் இரண்டு, ஸ்பேனர் செட் இரண்டு. ஜாக்கி பழையதையே சீல் மாற்றி வைத்துக்கொண்டேன். எல்லாம் சேர்த்து 19,600 ரூபாய் ஆனது. மிச்சப் பணத்தை அந்த வெட்டிப் போட்ட டயருக்குப் பதில் புது டயர் வாங்கச் சேர்த்துக்கொண்டேன். ஹோஸ் மாட்டுகிற வாயைத் தேடத்தான் நேரமானது, ஏர் டிரையருக்கு அடியில் சேறு அப்பி மறைந்திருந்தது. தம்பி பிரேக்கை அழுத்தி அழுத்திக் காற்று வரவழைத்துக் காட்டியபோது என் வீட்டுக்காரர், "இருபது வருடம் ஓட்டினேன், இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார்.

கம்ப்ரஸர் இன்னும் முடிவாகவில்லை. பங்காளிகளில் ஒருவர் கூண்டுக்கு எதற்குச் செலவு என்கிறார். இங்கே அண்ணன் எழுதியதை அவருக்கு அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று இரவு வண்டி மறுபடி நாகபுரிக்குக் கிளம்பியது. இன்று காலை ஐந்தே முக்காலுக்கு, தேவனஹள்ளி தாண்டி நிறுத்திய இடத்திலிருந்து தம்பி போன் செய்தார். பத்து டயருக்கும் பத்து எண் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். வைக்கப் போனவரை நிறுத்தி, ஸ்டெப்னி எவ்வளவு என்று கேட்டேன். 119 என்றார்.